உதறிப் போட்ட கடலைக்கொடி

வெல்டரின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

"கடலைக்கொடியை நல்லா உதறி, மோந்து பார்த்துட்டு முயலுக்குப் போடுங்க. பூஞ்சை பிடிச்சிருந்தா போடாதீங்க."

மனிதர் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்தான். மழையில் நனைந்த குவியலிலிருந்து அள்ளி, அப்படியே கூண்டுகளில் திணித்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினார். இரண்டே நாளில் ஒன்பது முயல்களும் வயிறு உப்பிச் செத்துப்போயின.

அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் சொல்வது? தினமும் போனில் கேட்பாள். "நல்லா தின்னுதுங்க" என்று சமாளித்துக்கொண்டு வந்தார்.

இன்று காலை அவள் குரல் கம்மியிருந்தது. "நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்குங்க. கொடியை உதறுங்களேன், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுக்கிறேன்."

காலிக் கூண்டின்மேல் போனை வைத்தார். காய்ந்த கொடியாகப் பார்த்து எடுத்து, மண் உதிர, இலை சலசலக்க, கை ஓயும்வரை உதறினார். பூஞ்சை இருக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தார்.

உதறும் சத்தம் கேட்டதுமே முயல்கள் கம்பிவலையில் முட்டி மோதி வீட்டையே இரண்டாக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அவள் தீனி போடும் நேரத்தில் அவர் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை.

அவள் போனைக் காதோடு அழுத்தி, உதறும் சத்தத்தோடு வேறு ஏதாவது கேட்கிறதா என்று கவனித்தாள்.

"போதும்ங்க," என்றாள் கடைசியில். "கையைக் கழுவிட்டு ஏதாவது சாப்பிடுங்க."