விரானா விடுதியின் புறப்பாட்டு ஏடு

நான்கு பிணங்களிலிருந்து பிறந்தது அந்தச் சங்கம். 1934-ல் மர ஆலைத் தொழிலாளர்கள் நான்கு பேர் விரானா மலையில் சறுக்கப் போனார்கள். எந்தப் பக்கம் போகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பனிச்சரிவு அவர்களை மூடிக்கொண்டது. ஊரே திரண்டு தவறான பள்ளத்தில் பதினோரு நாள் தோண்டியது. மே மாதம் பனி உருகியபோது, நரிகள் மிச்சம் வைத்ததைக் கோணியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். அடக்கம் முடிந்த அன்றே பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கியது. அதற்கு ஒரே ஒரு விதிதான்: மலைமேல் சங்கம் கட்டிய விடுதியை விட்டுக் கிளம்புகிறவர் பெயர், போகும் வழி, நேரம், மூன்றும் ஏட்டில் ஏறியாக வேண்டும்.

1943-ல் ஒரு படை வந்து விடுதியைக் கொளுத்தியது. உள்ளே காயம்பட்ட இருவர் கிடந்தார்கள்; அவர்களோடு சேர்த்தே கொளுத்தியது. போர் முடிந்ததும் ஊரார் மறுபடி கட்டினார்கள். சாலை கிடையாது. ஒவ்வொரு உத்தரமும் மனிதத் தோளில்தான் மலையேறியது. நடு உத்தரத்தின் ஒரு முனையை நெவென்காவின் அப்பா சுமந்தார், மறு முனையைக் கோய்கோவின் அப்பா. அந்த உத்தரத்தின் கீழ் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டுத்தான் பிள்ளைகள் இருவரும் வளர்ந்தார்கள். கோய்கோ மூன்று முறை மாவட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தான். நெவென்கா சங்கத்தின் செயலாளரானாள். பதினான்கு ஆண்டுகளாக ஏடு அவள் பொறுப்பு.

1992 டிசம்பரில் கீழே ஊர் எரிந்தது. ஆலை முற்றத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்களில் பாதிப்பேர் அதே ஆலையில் வேலை பார்த்தவர்கள்; அவர்களுக்குத் தலைவன் கோய்கோ. நெவென்கா உட்படத் தப்பிய பத்துப் பேர் இருட்டோடு இருட்டாக மேலேறி விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். விடுதிக் காவலாளி சுல்யோ வழியில் தொடையில் குண்டு வாங்கியிருந்தான். அவனால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

விடிந்ததும் நெவென்காவின் கணவன் யாத்ரான் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு கணவாயைக் கடக்கக் கிளம்பினான். அந்த ஏழில் ஒன்று குழந்தை. மலைக்கு அப்பால் போர் இன்னும் வரவில்லை. சுல்யோவோடு நெவென்கா தங்கினாள்.

"நீயும் போ தாயி," என்றான் சுல்யோ. "நான் செத்தா சூப்பு வைக்கக்கூட லாயக்கில்ல."

"வாயை மூடு. உன்னைத் தனியா விட்டா இருக்கிற ரக்கியா சாராயத்தையெல்லாம் நீயே காலி பண்ணிடுவே."

யாத்ரான் வாசலில் சறுக்குப் பலகைகளின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். "சாயங்காலம் இழுவைப் பலகையும் நாலு ஆளுமா வரேன். இந்தக் குடிகாரனைத் தூக்கிட்டுப் போயிடலாம். அதுவரைக்கும் கதவைத் தாழ் போட்டுக்க."

"குழந்தையை நடுவுல விடு. கடைசியா விட்டுடாதே."

"உத்தரவு, செயலாளர் அம்மா," என்று நெற்றியில் கை வைத்துச் சல்யூட் அடித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் கழுத்துத் துணியை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

எட்டுப் பேரும் மரங்களுக்குள் மறைந்ததும் உள்ளே வந்து கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். சுல்யோவின் கட்டை மாற்றினாள். அடுப்பு ஓர ஆணியிலிருந்து ஏட்டை எடுத்தாள். எட்டுப் பெயர்கள். ஓநாய்க் கணவாய், கிழக்குப் பள்ளம் வழி. காலை 7.10. மறுபடி ஆணியில் மாட்டினாள். மூச்சு விடுவதை யாராவது நினைத்துப் பார்த்துச் செய்வார்களா? அப்படித்தான் அதுவும் நடந்தது.

ஒன்பது மணிக்குக் கதவு பெயர்ந்து விழுந்தது. கோய்கோவும் நான்கு ஆட்களும் உள்ளே வந்தார்கள். அதற்குள் காற்று தடங்களை அழித்திருந்தது. விடுதியிலிருந்து மூன்று வழிகள் பிரிகின்றன. எது என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"பூட்ஸோட உள்ள வரியேடா," என்றான் சுல்யோ படுத்தபடியே. "அபராதம் கட்டணும், மறந்துட்டியா?"

"அப்புறம் கட்டறேன். யாத்ரான் எங்கடி, நேவா?"

"ஆலை முற்றத்துல செத்துட்டான். நீதானே சுட்டே."

கோய்கோ கவிழ்ந்திருந்த கோப்பைகளைப் பார்த்தான். "செத்தவன் காப்பி குடிச்சிட்டுப் போனானா? பத்துக் கோப்பை இருக்கே."

துப்பாக்கிக் கட்டை அவள் வாயில் இறங்கியது. பல் ஒன்று தரையில் விழுந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது அடிக்கு அவன் கை ஓங்கியபோது, "மேற்கு முகடு," என்றாள் இரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "மேற்கு முகட்டு வழியாத்தான் போனாங்க."

"சொல்லிட்டியேடி பாவி!" என்று சுல்யோ தலையில் அடித்துக்கொண்டான். அத்தனை நன்றாக அவன் வாழ்க்கையில் நடித்ததில்லை.

கோய்கோ நம்பினான். ஆட்களுக்குக் கை காட்டிவிட்டு வாசல்வரை போனான். அங்கே நின்றான். மெல்லத் திரும்பி, அடுப்பு ஓர ஆணியைப் பார்த்தான்.

"எழுதினியா?" என்றான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. "ஏய் நேவா, நெசமாவே எழுதி வச்சியா?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.  

ஏட்டை எடுத்து, பள்ளியில் வருகை படிப்பதுபோல் ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தான். "ஊரே எரியுது, நீ ஏடு எழுதிக்கிட்டு இருக்கே." சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் நீர் வந்தது.

சுல்யோ படுக்கையிலிருந்து உருண்டு வந்து அவன் காலைக் கவ்விப் பிடித்தான். "ஓடு தாயி!" என்று கத்தினான். கோய்கோ குனிந்து, துப்பாக்கி முனையை அவன் காதில் வைத்து அழுத்தினான். ஒரே வெடி. அடுப்பின் வெள்ளைச் சுவர் சிவந்தது. பிறகு நெவென்காவின் சறுக்குப் பலகைகளைப் படியில் வைத்து மிதித்து ஒடித்தான்.

"இங்கேயே இரு. திரும்பி வந்து பேசிக்கலாம்."

ஐவரும் கிழக்குப் பள்ளத்தில் ஏறினார்கள். குழந்தையோடு போகிறவர்களைக் கோய்கோ கணவாய்க்குக் கீழேயே பிடித்துவிடுவான். அது கணக்குப் போடாமலே தெரிந்தது. அவளிடம் துப்பாக்கி இல்லை, பலகை இல்லை. கிழக்குப் பள்ளத்தில் எங்கே நின்று திரும்பிப் பார்த்தாலும் ஒன்று மட்டும் கண்ணில் படும், இந்த விடுதிக் கூரை.

சுல்யோவின் கைகளைப் பிடித்து வெளியே இழுத்துப் பனியில் கிடத்தினாள். அவனை உள்ளே விட மனம் வரவில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பாயிலும் படுக்கையிலும் மரப்படியிலும் கவிழ்த்தாள். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது பிடித்தது. கால் மணி நேரத்தில் கரும்புகை மலைக்கு மேல் தூணாக நின்றது.

புகையைப் பார்த்தால் அவர்கள் ஓடுவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் ஓடினார்கள். ஆனால் புகையைப் பார்த்து இரண்டு பேர் திரும்பினார்கள்.

முதலில் மேலே வெள்ளைச் சரிவில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. இடது முழங்காலைத் தாழ்த்தித் திரும்பும் அந்த வளைவு உலகத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு. மற்றவர்களைக் கணவாயில் ஏற்றிவிட்டு, எரிகிற வீட்டுக்குள் மனைவி இருக்கிறாள் என்று யாத்ரான் இறங்கி வந்தான். நெவென்கா முற்றத்தின் நடுவில் ஓடி நின்று ஒரு கையை உயர்த்தினாள், மறுகையைத் தாழ்த்தினாள். உதவி வேண்டாம், வராதே என்பது மலைக்காரர்களின் சைகை. அவன் பார்த்தான். ஒரு கணம் நின்றான். பிறகு முன்னைவிட வேகமாக வந்தான்.

பள்ளத்தின் நடுவில் கோய்கோவின் ஆட்கள் நின்றிருந்தார்கள். மூன்று வெடிகள். யாத்ரான் ஒரு வளைவை முடிக்காமலே புரண்டான். பனி அவனோடு கொஞ்ச தூரம் சரிந்து வந்து நின்றது.

அதன் பிறகும் கோய்கோ கணவாய்க்கு ஏறவில்லை. நேராக விடுதிக்கு இறங்கினான். அவன் வந்து சேர்ந்தபோது நடு உத்தரம் இரண்டாக முறிந்து தீக்குள் விழுந்தது.

"எங்கப்பா தூக்கிட்டு வந்ததுடி அது!" என்று அலறினான். "எங்கப்பன் தோள்ல வந்தது!" சற்று முன் இருவரைக் கொன்றவன் குழந்தைபோல் விம்மினான். அவள் வலக்கையைப் பிடித்து இழுத்து வாசல் கல்லில் வைத்தான். துப்பாக்கிக் கட்டை நான்கு முறை இறங்கியது. "எழுதினதும் இந்தக் கை, கொளுத்தினதும் இந்தக் கை."

ஐந்தாவது அடிக்கு முன் ஆட்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள். புகையைப் பார்த்து எதிரிப் படை பீரங்கி அடிக்கும், போய்விடலாம் என்றார்கள். அவன் எரிகிற உத்தரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான். அவளைச் சுட மறந்துபோனான்.

நெவென்கா தவழ்ந்தும் நடந்தும் யாத்ரானிடம் போனாள். கண்கள் திறந்திருந்தன, இமைகளில் பனி. இடக்கையால் அவற்றை மூடினாள். அவன் காலிலிருந்து பலகைகளைக் கழற்றினாள். வாரை இறுக்கப் பல்லைப் பயன்படுத்தினாள், இருந்த பற்களை. கணவாய் ஏற மாலையாகிவிட்டது.

மறுபக்கச் சரிவில் காற்று இல்லை. ஏழு தடங்கள் கீழே இறங்கியிருந்தன. நடுவில் ஒன்று கோணல்மாணலாக, கால்களை அகட்டி அகட்டிப் போயிருந்தது, அது குழந்தையுடையது. இரண்டு முறை எண்ணினாள். ஏழுதான். உடைந்த கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குழந்தையின் தடத்துக்குப் பக்கத்தில் இறங்கத் தொடங்கினாள்.