கழுத்துப் பரீட்சை

மெக்கானிக்கின் மனைவிக்கு நூல் வாங்கக் கற்றுக்கொடுக்கும் தைரியம் கடைக்காரருக்கு எப்படித்தான் வந்ததோ.

"அசல் கம்பளி இருக்கும்போது போயும் போயும் அக்ரிலிக்கா அக்கா?"

"எங்க வீட்டுக்காரர் ஸ்வெட்டரோடயே வண்டிக்கு அடியில படுப்பார். அப்புறம் சுருட்டி வாஷிங் மெஷின்ல போடுவார். உங்க கம்பளி ஒரே துவையல்ல பொம்மைச் சட்டையாயிடும்."

சொன்னதோடு விடவில்லை. ஒரு கம்பளி உருண்டையைத் தன் கோட்டுக் காலருக்குள் செருகிக்கொண்டு நடந்தாள். கடையை ஒரு சுற்று வருவதற்குள் கழுத்து அரித்தது, எடுத்து வைத்தாள். மலிவு அக்ரிலிக் ஒன்றைச் செருகினாள். அதுவும் முள்ளாய்க் குத்தியது. திரும்ப அலமாரிக்கே போனது. மூன்றாவதாக, அதைவிட மலிவான நீல உருண்டை ஒன்றைச் செருகிக்கொண்டாள். பின்னல் ஊசிகளைப் புரட்டினாள், பொத்தான் பொறுக்கினாள், கம்பளிப் புராணம் பாடிய கடைக்காரருக்கு ஈடுகொடுத்து வாயாடினாள். பொத்தானுக்குக் காசு கொடுத்துவிட்டு வாசல்வரை போய்விட்டாள்.

"அக்கா, கழுத்துல இருக்கிற நூலுக்குக் காசு?" என்றார் கடைக்காரர்.

அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்தான். காலரைத் தடவிப் பார்த்தவளின் முகமெல்லாம் பல்.

"மறந்தே போயிட்டேன் பாருங்க. இதுலயே இன்னும் ஏழு எடுங்க."