பிள்ளை மேல் சத்தியம்

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் சதீஷ்குமாரைக் காளையார்கோவில் பக்கம் ஒரு காளி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் அங்கே பூசாரி கையில் கயிறு கட்டிவிடுவார்.

"உன் மேல சத்தியம் பண்ணுப்பா, போதும்" என்றார் பூசாரி. எனக்குத்தான் மனசு அடங்கவில்லை.

"தன் மேல பத்துத் தடவை பண்ணியாச்சு சாமி. பிள்ளை மேல பண்ணச் சொல்லுங்க."

எங்கள் மீனுவுக்கு ஆறு வயது. பக்கத்தில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்து, "போதை எதையும் தொட்டேன்னா ஆத்தா இவளை எடுத்துக்கட்டும்" என்றார். குரல் உடைந்துபோயிற்று. எனக்கோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. பாவி நான், ஊரெல்லாம் தம்பட்டம் வேறு அடித்தேன்.

மறுநாளே அவருக்குக் கை கால் நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது, கஞ்சி கூட வயிற்றில் தங்கவில்லை. ஆனால் மனுசன் ஒரு சொட்டு கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். "குடிச்ச உடம்பு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கங்க" என்று பெரிய வைத்தியச்சி மாதிரி சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் சுவரெல்லாம் பூரான் ஓடுகிறது என்று அலறினார். அப்புறம் வலிப்பு வந்துவிட்டது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தேன், நிற்கவில்லை. மீனுவை ஆத்தங்குடியிலிருந்து ஓடிவந்த என் அக்காளிடம் விட்டுவிட்டு, அவரை ஆட்டோவில் போட்டுக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன்.

"தினம் குடிச்ச ஆளு படக்குன்னு நிறுத்துனா உயிருக்கே ஆபத்தும்மா. நிறுத்துறதுக்கு முந்தியே இங்க வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

"வந்தா குடிகாரன் பொண்டாட்டின்னு எழுதுவீகளே, சார்."

"இப்ப மட்டும் என்னன்னு எழுதுனோம்?"

ஊசியும் டிரிப்பும் போட்டார்கள். அஞ்சு நாள் மாத்திரை, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்களாம். அதற்குப் பிறகு உட்கார வைத்துப் பேசுவார்களாம். குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடம் ஒன்று உண்டு, பெண்டாட்டிமாரும் போகலாம் என்றார் டாக்டர். "நடுவுல மாத்திரையை விட்டா வலிப்பு திரும்ப வரும். அடுத்த தடவை நாங்க காப்பாத்துவோம்னு சொல்ல முடியாது."

சனிக்கிழமை காலையில் அவருக்கு நினைவு தெளிந்தது. மாத்திரையை நீட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் சும்மா இருக்கக் கூடாதா? "முழுங்குங்க மாப்பிள்ளை, ஒரு கட்டிங் சரக்கு போட்ட மாதிரி சொக்கும்" என்று சிரித்தார்.

அவ்வளவுதான், இவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"போதை எதையும்னு சொல்லியிருக்கேன் மாரி. பிள்ளை போயிரும்."

"அது சாராயத்துக்குங்க, மருந்துக்கு இல்ல."

"ஆத்தாளுக்குத் தெரியுமா அது?"

கெஞ்சினேன், திட்டினேன், காலைப் பிடித்து அழுதேன். கடைசியில், "மீனுவுக்கு ஒண்ணும் ஆகாம இருந்தா போடுறேன். சின்னதா எதாச்சும் ஆனாலும் நிறுத்திருவேன்" என்று விழுங்கினார்.

அன்று மதியம் அக்காள் போன் பண்ணினாள். "மாரீஸ்வரி, பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. கண்ணே திறக்க மாட்டேங்குறா. டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போறேன்."

வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், அதுதான் இவளுக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்ப முடியவில்லை. நானும் அந்த ஆத்தாளைக் கும்பிடுகிறவள்தானே? இங்கே இருந்தால் பிள்ளை முகம், அங்கே ஓடினால் இவர் முகம். யாரிடம் போய் அழ?

சாயங்காலம் நர்சு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீரோடு கட்டில் பக்கம் போனேன். அவர் என் கண்ணையே பார்த்தார்.

"அழுதியா?"

"தூங்கல, அதான்."

"பாப்பா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன. அக்கா வீட்டுல ஆட்டம் போட்டுக்கிட்டு இருக்கா."

"போனைப் போடு, பேசுறேன்."

"சார்ஜ் இல்லைங்க."

அவர் விரல்கள் மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தன.

"அவ மேல சத்தியம் பண்ணிச் சொல்லு மாரி."

மாத்திரையை எடுத்து அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன்.

"மீனு மேல சத்தியமா, நல்லா இருக்கா" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார்.