ஏழாம் மேசையின் ரேம்

கணினிக்குக் கூடுதல் ரேம், அதாவது நினைவகம், கேட்கும் படிவத்தின் மூன்றாவது கேள்வியிலேயே அவள் நின்றுவிட்டாள். கணினியில் இப்போது இருக்கும் ரேம் எவ்வளவு? கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டு பதினாறு ஜிபி என்றது. திரையில் தேடிப் பார்த்தாள். நான்கு என்றது.

எட்டு மாதமாக அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் ஏழாம் மேசை அவளுடையது. பெரிய வரைபடத்தைத் திறந்தால் கணினி மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து, கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். அப்படியும் வேலை தேங்கியது. வெள்ளிக்கிழமை முதலாளியம்மா முடிவு சொல்வார்: அவள் நிரந்தரமா, வீட்டுக்கா. மேலாளர் தன் கருத்தை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கை மந்தம்.

மேலாளர் அவளுடைய சித்தப்பா. வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதை அவர் சொல்லாத நாள் கிடையாது.

கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வாயில் ஒரு திருகாணியைக் கடித்தபடி வந்தாள்.

"அது பதினாறுங்குது, இது நாலுங்குது. எதைக்கா எழுத?"

"ரெண்டையும் நம்பாதே. திறந்து பாத்தாத்தான் ஆச்சு."

மூடி கழன்றது. உள்ளே எல்லாவற்றின் மேலும் கம்பளிபோலத் தூசி படர்ந்திருந்தது. ரேம் செருகும் இடத்தில் மட்டும் விரல்கள் துழாவிய தடம். நான்கு பள்ளங்கள். மூன்று காலி. அக்கா மிஞ்சியிருந்த ஒரே துண்டைப் பிடுங்கி அவளிடம் காட்டினாள். ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஏழு என்று எழுதியிருந்தது.

"நான் போடுற எல்லாத்துலயும் மேசை நம்பரை எழுதிடுவேன். பழைய ஆபீஸ்ல பட்ட சூடு. இங்க யாருக்கும் தெரியாது. நாலு போட்டேன்."

"மீதி மூணு?"

"நீ வர்றதுக்கு முன்னாடி இந்த மேசை ரெண்டு வாரம் ஆள் இல்லாம கெடந்துது. அப்பதான் ஒருத்தர், கம்ப்யூட்டர்ல சீட்டாடும்போது சீட்டு நகரவே மாட்டேங்குதுன்னு என் உயிரை எடுத்துக்கிட்டு இருந்தாரு. திடீர்னு புலம்பலை நிறுத்திட்டாரு. நானும் தொல்லை விட்டுதுன்னு இருந்துட்டேன்."

அவள் மேலாளர் அறைப் பக்கம் திரும்பினாள். சித்தப்பா சாப்பிடப் போயிருந்தார். அறை திறந்தே கிடந்தது.

உள்ளே ஊசிப்போன சோற்று வாடை. விசைப்பலகையில் எண்ணெய் பளபளத்தது. காது குடைகிற பேனா மேசைமேல் கிடந்தது. மூடியின் நுனி மஞ்சளாக இருந்தது. கணினிப் பெட்டி நாற்காலிக்கு முன்னால், கால் வைக்கும் முக்காலிபோல. அதன்மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் அவர் நகம் வெட்டுவார். அலுவலகம் முழுக்கப் பார்த்திருக்கிறது.

அக்கா மூடியைக் கழற்றினாள். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மேலே இருந்த காற்றுத் துளைகள் வழியாக நகத் துண்டுகள் உள்ளே விழுந்திருந்தன. பிறைபிறையாக, தடித்து, பழுப்பேறி. விசிறியின் இறக்கையில் நரைமுடி சுற்றியிருந்தது. பிஸ்கட் தூளில் நான்கைந்து கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. ஒன்றுக்கு இன்னும் கால் அசைந்தது.

"குடும்பமே நடத்துதுங்க," என்றாள் அக்கா. டார்ச்சை அடித்தாள். நான்கு பள்ளமும் நிறைந்திருந்தது. ஒரு துண்டில் அந்த மேசையின் எண்ணான ஒன்று என்று எழுதியிருந்தது. மற்ற மூன்றிலும் ஏழு.

எட்டு மாதக் காலைகள். சீட்டு வேகமாக நகர்வதற்கு.

வாயைத் துடைத்தபடி சித்தப்பா உள்ளே வந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சிரித்தார்.

"என்ன பாப்பா, ஆபரேஷனா?"

"என்னோட ரேம் இங்க இருக்கு சித்தப்பா."

"ஓ, அதுவா. சும்மா கெடந்துது, எடுத்துப் போட்டேன். உனக்கு வேணும்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் என்ன வேத்து ஆளா?"

"கை மந்தம்னு எழுதினீங்களே."

"அட, அது ஒரு பேச்சுக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தார். சாப்பாட்டு ஏப்பம் அவள் முகத்தில் அடித்தது. "இங்க பாரு, நம்ம குடும்ப விஷயம் வெளியில போகக் கூடாது. மூணையும் எடுத்துக்கோ. வெள்ளிக்கிழமை நானே அம்மாகிட்ட சொல்றேன், பொண்ணு இப்ப நல்லாத் தேறிட்டான்னு. உனக்கும் வேலை, எனக்கும் மரியாதை. என்ன?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிக்கு முன் குனிந்தாள்.

மூன்று துண்டுகளையும் அவளே பிடுங்கினாள். ஒன்றில் நகத் துண்டு ஒட்டியிருந்தது. உதறினாள். போகவில்லை. காகிதத்தால் தள்ளினாள். அக்கா பென்சில் ரப்பரால் பொன்னிற விளிம்புகளைத் தேய்த்துத் தந்தாள். ஏழாம் மேசையில் நான்கும் உட்கார்ந்ததும் வரைபடத்தைத் திறந்தாள். திரை நிரம்பிவிட்டது. காத்திருப்பதற்காக நாற்காலியில் சாயப் போனவள் சாயவில்லை.

கழுவுதொட்டியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு படிவத்தை நிரப்பினாள். வாங்கும்போது இருந்தது: பதினாறு. இன்று காலை இருந்தது: நான்கு. மீதி இருந்த இடம்: மேலாளரின் கணினி, எட்டு மாதம். கூடுதலாகத் தேவை: எதுவும் இல்லை. பார்த்த சாட்சி என்று அக்கா கையெழுத்திட்டாள். அடியில் மேலாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. படிவத்தோடு மீண்டும் அவர் அறைக்குப் போனாள்.

"போடுங்க சித்தப்பா."

சித்தப்பா படித்தார். முகம் தொங்கியது. மேசையில் துழாவினார். அந்தப் பேனா கையில் அகப்படவில்லை. அவளுடையதைக் கேட்டார். கொடுத்தாள். வெகுநேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தார். யோசிக்கும்போது கை தானாகவே காதுக்குப் போனது. மூடி உள்ளே போய்ச் சுழன்று வெளியே வந்தது.

"இதை எழுதினா நான் எங்க போறது? உன்னை இங்க கொண்டுவந்ததே நான்தானே?"

"ஆமா சித்தப்பா."

கையெழுத்துப் போடாமலே படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

அவள் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"பேனா உங்ககிட்டயே இருக்கட்டும்."

முதலாளியம்மாவின் அறை எதிரேதான் இருந்தது. கதவைத் தட்டினாள்.