சாம் சொன்ன ஆமென்

என் தம்பி சாம் ஒன்று சொன்னால் நான் யோசிக்க மாட்டேன். காரைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் அட்வைசராக இருக்கிறான். அவன் கைகாட்டிய டீசல் காரைத்தான் நான் வாங்கினேன். அதே மாடலில், அதே சாம்பல் நிறத்தில் அவனும் ஒன்று எடுத்தான். என்னுடையதற்கு மஞ்சள் போர்டு, அவனுடையதற்கு வெள்ளை. மற்றபடி இரட்டைப் பிள்ளைகள்.

மஞ்சள் போர்டுதான் என் பிழைப்பு. ஊருக்குள் வாடகைக்கு இருக்கும் பெண்களைத் தெருத்தெருவாக நின்று ஏற்றிக்கொண்டு, பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியின் காலை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவேன். அந்த காண்ட்ராக்ட் இருக்கும்வரை என் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருநாள் சாம் போன் செய்தான்.

"அக்கா, புகையக் கொறைக்கறதுக்குக் கம்பெனில புதுசா ஒரு சாப்ட்வேர் ஃப்ரீயா போட்டுத் தராங்க. வண்டிய இங்க வுட்டுட்டுப் போ. கண்ண மூடிகினு போட்டுக்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டுதான் விட்டேன்.

மறுநாளே அது என் வண்டியாக இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் யோசித்து யோசித்து நகர்ந்தது. டீசலை மட்டும் யோசிக்காமல் குடித்தது. கொஞ்ச நாளில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு வேறு எரிய ஆரம்பித்தது. அது எரிந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தே என் மானத்தை வாங்கினார்கள்.

சாமிடம் கொண்டுபோனேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சாப்ட்வேர்ல ஒண்ணும் இல்லக்கா. நீ கிளச்சுல கால வெச்சுகினே ஓட்ற. அதான் பேஜாரு."

இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. தம்பி படித்தவன், அவனுக்குத் தெரியாததா? அன்றிலிருந்து, நேற்று லைசென்ஸ் வாங்கியவள் மாதிரி என் இடது காலைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

ஷிப்டுக்கு லேட்டாக ஆரம்பித்தது. பெண்களுக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. டிரான்ஸ்போர்ட் மேனேஜர் கோபாலகிருஷ்ணன் கேட்டிலேயே என்னை நிறுத்தினார்.

"ரெஜினா, இன்னொரு தடவ லேட்டானா வேற வண்டி பாத்துக்குவேன்."

வண்டியில் முன்சீட்டில் உட்காரும் வேண்டா என்ற பெண் பாவப்பட்டாள். "யாரோ கண்ணு வெச்சிட்டாங்கக்கா. டயருக்கு அடில எலுமிச்சம்பயம் வெச்சு நசுக்கு."

எங்களுக்கு எலுமிச்சம்பழம் கிடையாது, பாஸ்டர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையே என் வண்டியைச் சுற்றி நின்றது. பாஸ்டர் பானெட்டில் எண்ணெய் பூசி, அதன்மேல் கை வைத்து, இந்த வாகனத்தைக் கட்டிவைத்திருக்கிற சத்துருவின் கிரியைகளை அழித்துப்போடும் ஆண்டவரே என்று உருகி ஜெபித்தார். சாம் என் பக்கத்தில் கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கியிருந்தான். எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னது அவன்தான். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவன் மகள் ஷாரோனுக்குப் பிறந்தநாள். சாமின் காரில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். மணலில் கிடந்த பாட்டில் சில்லு சாமின் காலைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரும்பும்போது நான் ஓட்டினேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு பஸ்ஸை முந்த வேண்டியிருந்தது. என் வண்டிக்கு மிதிக்கிற பழக்கத்தில் அழுத்தி மிதித்துவிட்டேன். கார் பாய்ந்தது. பின்சீட்டில் ஷாரோன் "அத்தே!" என்று கத்தினாள்.

அதே மாடல், அதே கால். என் காலில் ஒரு குறையும் இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். "உன் வண்டிக்கு அந்த சாப்ட்வேரப் போடலயாடா?"

அவன் தன் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போட்டா இழுவ போயிடும்க்கா. உன்ன மாதிரி நின்னு நின்னு ஓட்றவங்களுக்கு இன்னும் மோசம். வண்டி சூடாயி, பொக ஃபில்டர்ல சேர்ற கரி எரியறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்ற, அது அடச்சிக்குது."

"தெரிஞ்சே போட்டியா?"

"இத்தினி வண்டிக்குப் போட்டே ஆவணும்னு மேல நெருக்கறாங்க. விசயத்தச் சொன்னா எவன் வண்டி குடுப்பான்? நீதான் கேள்வி கேக்க மாட்டியே."

"எடுத்துடு."

"ஒருக்கா போட்டா எடுக்க முடியாதுக்கா."

"அப்ப அன்னிக்கு ஜெபத்துல ஆமென்னு கத்தினியே, அது இன்னாடா?"

அவன் அழுதான். நாளைக்கு அவனே கூட வந்து, அக்காமேல் தப்பில்லை என்று மேனேஜரிடம் சொல்வதாக ஷாரோன் தலையில் கை வைத்துச் சொன்னான். செய்தது துரோகம்தான். ஆனாலும் கூடப் பிறந்தவன். மறுபடியும் நம்பினேன்.

காலையில் சர்வீஸ் சென்டர் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வேண்டா அவனுக்கு முன்சீட்டை விட்டுக்கொடுத்தாள். பாதி வழியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஷிப்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது.

கோபாலகிருஷ்ணன் கேட்டிலேயே நின்றிருந்தார். பெண்கள் முதலில் இறங்கி, வழியில் நான் சொன்ன சாப்ட்வேர் விஷயத்தை அவரிடம் சொன்னார்கள். நொண்டிக்கொண்டு இறங்கிய சாமின் சட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு, உங்களையே கேக்கறேன். எங்க ஆபீஸ் வண்டிங்களுக்கும் ஏதோ சாப்ட்வேர் போடணும்னு உங்க சென்டர்ல கூப்பிட்டிருக்காங்க. இந்தம்மா வண்டி அதுலதான் கெட்டுச்சுன்னு பொண்ணுங்க சொல்லுதுங்க. உண்மையா?"

பெண்கள் உள்ளே போகாமல் நின்றார்கள். நான் சாமைப் பார்த்தேன். அவன் கை, சட்டைப் பையின்மேல் தைத்திருந்த சென்டர் பெயரைத் தடவியது.

"சாப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல சார். வண்டி சுத்தமா கீது. அக்காதான் கிளச்சுல கால வெச்சுகினே ஓட்டுது."

வேண்டா என் காலைப் பார்த்தாள்.

"நாளையிலிருந்து வேற வண்டிம்மா" என்றார் கோபாலகிருஷ்ணன்.

நான் கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கி, அந்த கேட்டே திரும்பிப் பார்க்கும்படி "ஆமென்" என்றேன்.