தோர்ன்கோம் மாளிகையில் ஒரு ஜோடிக் கையுறை

வில்ஃப்ரட் எதற்கும் பிடி கொடுக்காத மனிதர். வருகிறேன் என்றும் சொல்ல மாட்டார், வரவில்லை என்றும் சொல்ல மாட்டார். ஆனால் சனிக்கிழமை மதியம் ஆனால் போதும், தோட்டத்தில் விளைந்த கேரட்டை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு ஹெஸ்டர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். சாப்பிடுவார், பாத்திரங்களை ஈரம் போகத் துடைத்துக் கொடுப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். பேச்சு மெல்ல மனிதர்கள் பக்கம் திரும்பி, "தனியா இருக்கறதுல என்னன்னா..." என்று ஹெஸ்டர் ஆரம்பித்தாளோ இல்லையோ, இரண்டு முழங்காலிலும் கையால் படபடவென்று தட்டிக்கொண்டு, "அப்போ கிளம்பறேன்" என்று எழுந்துவிடுவார். இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஹெஸ்டர் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் பீன்ஸ் தின்ன வைப்பவள். இந்த ஒற்றை மனிதரைத்தான் அவளால் ஒரு வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சலுக்கு அடியில் இருந்தது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்து நாலு வயதில் அதற்கு வேறு பெயர் வைத்து ஏமாற்றிக்கொள்ள அவளுக்குப் பொறுமையில்லை. அவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

இனிமேல் பொறுக்கவும் நேரமில்லை. வில்ஃப்ரட் ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருந்த நூலக வண்டியிலிருந்து மார்ச் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஸ்காட்லாந்தில் கடலோரமாக இருக்கும் அவருடைய அக்கா ஓர் அறையை ஒழித்து, வெள்ளையடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்," என்று போன வாரம் உருளைக்கிழங்கை மென்றபடியே சொன்னார். அதற்குமேல் ஹெஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலண்டர்தான் கைகொடுத்தது. அந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு நாளில் ஒரு பெண், ஆணைப் பார்த்து என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கலாம், யாரும் சிரிக்கக் கூடாது. அவள் பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம். மாட்டேன் என்று சொல்கிற ஆண் அவளுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டும். மோதிரமில்லாத விரலை ஊரார் பார்க்காமல் அவள் மறைத்துக்கொள்ள வேண்டுமே, அதற்கு. அந்த இருபத்தொன்பது, கேட்டு வாங்கி வந்தது போலச் சனிக்கிழமையில் வந்து விழுந்தது.

"இந்தச் சனிக்கிழமை வீட்டுல சமையல் கிடையாது. சாண்ட்விச் கட்டிக்கிட்டு தோர்ன்கோம் போறோம்," என்று வில்ஃப்ரட்டிடம் சொல்லிவிட்டாள். அங்கே ஆற்றோரம் ஐந்நூறு வருஷத்து மாளிகை ஒன்று இடிந்து கிடக்கிறது. பிப்ரவரி குளிரில் எந்தப் பைத்தியமும் அங்கே வராது என்று அவள் கணக்குப் போட்டாள்.

காரை வயலோரம் நிறுத்தியதும் வில்ஃப்ரட் பின் இருக்கையிலிருந்து பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் முகம் காதுமடல் வரை சிவந்திருந்தது.

"இந்தாங்க. கை குளிருமே."

பிரித்தாள். நீலக் கம்பளிக் கையுறை, ஒரு ஜோடி.

இன்றைக்குப் போய் கையுறை. கேட்பதற்கு முன்பே பதிலை வாங்கி, காகிதத்தில் சுற்றி, கொண்டுவந்துவிட்டார். இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தேவாலயத்தில் தங்களோடு மணியடிக்கும் டாட்டி ஒருத்தியிடம்தான் ஹெஸ்டர் இந்தத் திட்டத்தை வாய் விட்டிருந்தாள். டாட்டிக்கோ ஓட்டை வாய்.

"டாட்டியப் பாத்தீங்களா?"

"வியாழக்கிழமை வண்டிக்குப் புத்தகம் எடுக்க வந்தா."

"ஏதாவது சொன்னாளா?"

"அவ சொல்லாம இருப்பாளா? நிறுத்தவே இல்ல."

போதும். ஹெஸ்டர் கையுறையைக் கைப்பைக்குள் திணித்தாள்.

"போட்டுப் பாருங்களேன்," என்றார் வில்ஃப்ரட்.

"அப்புறம்."

"இல்ல, அளவு சரியா இருக்கான்னு..."

"அப்புறம்னு சொன்னேன்ல."

மாளிகைக்குக் கூரை போய் யுகமாகிறது. சுவர்கள் மட்டும் உயரமாக நின்றன. மாடித் தளம் இடிந்து விழுந்துவிட்டதால் மேல்மாடிக் கணப்படுப்பு பாதிச் சுவரில், யாரும் ஏற முடியாத உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் காக்கைகள் குடும்பம் நடத்தின. அவற்றுக்குள்ள துணிச்சல்கூட இந்த மனிதருக்கு இல்லையே என்று ஹெஸ்டர் நினைத்தாள். வாசலில் இருந்த பலகையில் மாளிகையைக் கட்டிய பிரபுவின் கதை எழுதியிருந்தது. இரண்டு ராஜாக்கள் சண்டை போட்டுக்கொண்ட காலத்தில் எந்தப் பக்கம் சேர்வது என்று முடிவெடுக்காமலே காலத்தைக் கடத்தி, கடைசியில் இரண்டு பக்கத்தாரிடமும் உதை வாங்கியவராம்.

"உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"ஒண்ணுமில்ல. வாங்க."

கூடத்தில், கணப்படுப்புக்குக் கீழே கிடந்த கல்லில் உட்கார்ந்து சீஸும் ஊறுகாயும் வைத்த சாண்ட்விச்சைத் தின்றார்கள். கேட்பதற்கு அவள் மனசுக்குள் குறித்து வைத்திருந்த இடம் அதுதான். ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றும்போது அவள் கை நடுங்கியது.

"குளிர்ல நடுங்குது பாருங்க. அந்தக் கையுறையப்..."

"குளிர்ல இல்ல."

"அப்போ எதுல?"

ஹெஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தாள். வில்ஃப்ரட் வாயைத் திறந்தார், மூடினார், எதையோ மென்று விழுங்கினார். பிறகு முழங்கால்களில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "அப்போ அந்தப் புறா மாடத்தையும் பாத்துட்டு..."

புறா மாடம் வயலின் மூலையில் தனியாக நின்றது. மாளிகைக்காரர்கள் விருந்துக்குப் புறா வளர்த்த வட்டமான கல் கட்டடம். எல்லாம் இடிந்தும் அது மட்டும் இடியாமல் நின்றது. வாசல் மட்டும் இடுப்பளவுதான். அதன் முன்னால் வந்ததும் ஹெஸ்டர் நின்றுவிட்டாள். வந்தது வந்தாயிற்று, கையுறையும் வாங்கியாயிற்று. கேட்காமல் வீட்டுக்குப் போனால் நாளை முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்க வேண்டும். கேட்டே விடுவது.

"வில்ஃப்ரட், கொஞ்சம் நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு..."

"மன்னிக்கணும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாடிக்காரர் ஒருவர் நின்றார். "உள்ளே போறதுக்கு வரிசையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் முகம் தெரியாத மனிதரிடம் இல்லை என்று சொல்ல வில்ஃப்ரட்டுக்கு மனம் வருமா?

"ஆமாங்க, அப்படித்தான் நினைக்கிறேன்," என்றார்.

தாடிக்காரர் அவர்கள் பின்னால் போய் நின்றார். வரிசையைக் கண்டால் நிற்காமல் போகும் ஊரா அது? எங்கிருந்தோ நாய்க்குட்டியோடு ஒரு தம்பதி வந்தார்கள், நின்றார்கள். பச்சை மழைத்தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி தன் சிநேகிதிகளோடு வந்து நின்றாள். எதற்கு நிற்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அநாகரிகம். ஆனாலும் பின்னாலிருந்து காரணம் தானாகவே முளைத்து முன்னால் வந்தது. உள்ளே ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறதாம். ஒவ்வொருத்தராகத்தான் விடுவார்களாம்.

"யாரு விடுவாங்க?" என்று ஹெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வில்ஃப்ரட்டின் காதில் கேட்டாள்.

"தெரியல."

"நாமதான் முதல்ல நிக்கறோம். நமக்கு முன்னால யாருமே இல்ல."

"இப்போ எப்படிச் சொல்றது? பாவம், இவ்வளவு நேரம் நின்னுட்டாங்க."

தூறல் விழ ஆரம்பித்தது. பச்சைத் தொப்பி அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ கண்ணு, உங்க கையெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு. கையுறை கொண்டு வரலையா?"

"கொண்டு வந்திருக்காங்க," என்றார் வில்ஃப்ரட் அவசரமாக. "போட மாட்டேங்கறாங்க."

"போட்டுக்கோங்கம்மா," என்றார் தாடிக்காரர். "எங்களுக்கே பாக்கச் சங்கடமா இருக்கு."

வரிசை முழுவதும் ஆமோதித்தது. ஹெஸ்டருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பையிலிருந்து இடது கையுறையை உருவி, மாட்டிக்கொண்டு, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதோ. போதுமா? திருப்தியா?"

வில்ஃப்ரட் அந்தக் கையையே பார்த்தார். "விரல்ல ஏதாவது தட்டுப்படுதா?"

"விரல்தான் தட்டுப்படுது."

அவர் முகம் வெளுத்துப்போனது. கையுறையைக் கழற்றி வாங்கி, உள்ளே வெளியே புரட்டி உதறினார். ஒன்றுமில்லை. உடனே ஈரப் புல்லில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் துழாவ ஆரம்பித்துவிட்டார்.

"என்ன தொலைஞ்சிருச்சு?" என்று கேட்டார் தாடிக்காரர்.

"சின்னப் பொருள். ரொம்பச் சின்னது."

தாடிக்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்டியிட்டார். நாய்க்காரத் தம்பதி மண்டியிட்டார்கள். பச்சைத் தொப்பியும் சிநேகிதிகளும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டார்கள். வரிசை மட்டும் கலையவில்லை. அவரவர் தத்தம் இடத்துப் புல்லில்தான் தேடினார்கள். அந்த வயலில் நின்றுகொண்டிருந்தது ஹெஸ்டர் ஒருத்திதான்.

"வில்ஃப்ரட், என்ன தேடறீங்க?"

அவர் நிமிராமல் புல்லிடம் பதில் சொன்னார். "மோதிரம். கையுறை விரலுக்குள்ள வெச்சிருந்தேன். நீங்க கார்லயே போட்டிருந்தா கார்லயே முடிஞ்சிருக்கும்."

"என்ன முடிஞ்சிருக்கும்?"

"மோதிரம் தட்டுப்பட்டா என்னன்னு கேப்பீங்க. அப்புறம் நான் சொல்லித்தானே ஆகணும். அப்படியாவது வாய் திறப்பேன்னு நெனச்சேன்."

ஹெஸ்டருக்கு நெஞ்சுக்குள் ஏதோ குப்பென்று பொங்கி வந்தது. அது சந்தோஷம்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "டாட்டி உங்ககிட்ட என்னதான் சொன்னா?"

"அவ பூனைக்கு வயிறு சரியில்லையாம். முக்கால் மணி நேரம் அதையே சொன்னா. ஏன்?"

"இன்னிக்கு என்ன தேதி தெரியுமா?"

"இருபத்தொன்பது," என்றார் புல்லிலிருந்து தாடிக்காரர். பச்சைத் தொப்பி அம்மாள் தலையைத் தூக்கினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிநேகிதிகளை முழங்கையால் இடித்தாள். வில்ஃப்ரட்டுக்குத்தான் மெதுவாகப் புரிந்தது. கையிலிருந்த கையுறையைப் பார்த்தார், ஹெஸ்டரைப் பார்த்தார்.

"கடவுளே," என்றார் மெல்ல. "இன்னிக்குப் போய்க் கையுறையா குடுத்தேன்?"

"குடுத்தீங்க. அதுக்குப் பதிலா இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு நான் கேக்கலாம்." அவள் குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "வில்ஃப்ரட், என்னைக் கட்டிக்கிறீங்களா?"

புல்லில் தேடிய கைகள் எல்லாம் நின்றன. வில்ஃப்ரட் மண்டியிட்டபடியே இரண்டு கைகளையும் உயர்த்தி, பழக்க தோஷத்தில் தொடைகளில் படபடவென்று தட்டினார். கிளம்பறேன் என்று எழும்போது தட்டுகிற அதே தட்டல். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"அக்காவுக்கு நேத்தே போன் பண்ணிட்டேன். வரலைன்னு சொல்லிட்டேன்."

"நான் என்ன சொல்லுவேன்னு தெரியாமயேவா?"

"நீங்க மாட்டேன்னு சொல்லியிருந்தாலும்," என்றார் வில்ஃப்ரட், "சனிக்கிழமை சாப்பாட்டுக்காவது வரலாமேன்னுதான்." பிறகு, கேட்ட கேள்விக்கு அவள் அறிந்தவரை வாழ்க்கையில் முதல் முறையாக நேர்ப் பதில் சொன்னார். "கட்டிக்கிறேன்."

"முதல்ல பையில இருக்கற அந்த இன்னொரு கையுறையையாவது மாட்டி விடுங்க சார், விறைச்சுப் போயிடப் போறாங்க," என்றாள் பச்சைத் தொப்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. வில்ஃப்ரட் எழுந்து, பையிலிருந்த வலது கையுறையை எடுத்து ஹெஸ்டரின் கையில் மாட்டினார். நாலாவது விரல் பாதியில் நின்றுவிட்டது.

"ஏதோ தட்டுப்படுது," என்றாள்.

"கையுறைய எனக்கு எதிர்ல வெச்சுப் பாத்து மோதிரத்தப் போட்டேன்," என்றார் அவர் வெட்கத்தோடு. "இடது வலது மாறிப்போயிருக்கு."

எல்லாரும் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். கையுறை போட்ட கைகளால் சத்தமே வராமல் கைதட்டினார்கள். நாய் மட்டும் குரைத்தது. அப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தாடிக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"சரி, உள்ளே போங்க. நீங்கதானே முதல்ல."

இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். ஆந்தையும் இல்லை, புறாவும் இல்லை. தரையிலிருந்து மேலே வரைக்கும் சுவரெல்லாம் வெற்றுப் பொந்துகள். உச்சியில் வட்டமாக வானம். அதிலிருந்து தூறல் அவர்கள் மேல் விழுந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லையே," என்றார் வில்ஃப்ரட்.

"வெளியில சொல்லிடாதீங்க. நனைஞ்சுகிட்டு நிக்கறாங்க."

ஹெஸ்டர் கையுறையைக் கழற்றி மோதிரத்தைச் சரியான விரலுக்கு மாற்றிக்கொண்டு, வெறுங்கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய கை வெதுவெதுப்பாக இருந்தது. அவர் அவளை முத்தமிட்டார். ஆறு வருஷம் பாத்திரம் துடைத்த மனிதர் இவ்வளவு நன்றாக முத்தமிடுவார் என்று அவள் நினைத்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, வெளியே தாடிக்காரரின் குரல் மரியாதையாகக் கேட்டது.

"அவசரமே இல்லீங்க. நாங்க நிக்கறோம்."