பாத்ரூம் சுவரில் இருந்த தேரை

மெட்டில்டாவின் பிள்ளை போய் மூன்று மாதம் ஆகிறது. அழுகையெல்லாம் முதல் வாரத்தோடு வற்றிவிட்டது. இப்போது வேளாவேளைக்குச் சமைக்கிறாள், துவைக்கிறாள், யாராவது பேசினால் ‘ஆமா’ என்கிறாள். மரத்துப்போய்விட்டாள், அவ்வளவுதான்.

பிள்ளை ஏன் செத்தது என்பதில் சேலையூரில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. பக்கத்து போர்ஷன் ரத்தினபாய்தான் முதலில் கண்டுபிடித்தாள். "பாத்ரூம் செவுத்துல ஒட்டிகினு கீது பாரு, தேரை. அது கொழந்த மேல வுழுந்துருக்கு. அதான் புள்ள துரும்பா எளைச்சிப் போச்சு." நாலு பேர் தலையாட்டினார்கள். சர்ச்சுக்குப் போகிற வீடாச்சே, இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்க ஆளில்லை. பாதிரியாரே உச்சுக்கொட்டிவிட்டுப் போனார் என்றால் பாருங்களேன்.

அன்றிலிருந்து மெட்டில்டா குளிக்கப் போனால் அதைத்தான் பார்ப்பாள். பழுப்பு நிறம், துருத்திய கண், விரல் நுனியெல்லாம் வட்ட வட்டமாய். அவள் அதை அடிக்கவுமில்லை, விரட்டவுமில்லை.

புருஷன் சவுரிமுத்து காலேஜ் விலங்கியல் லேபில் அட்டெண்டர். நல்ல மனுஷன்தான், எதை எப்போது சொல்வதென்றுதான் தெரியாது. நேற்று புரொபசரையே கூட்டிவந்து காட்டியிருந்தான். இன்று வேலை முடிந்து வந்ததும் ஆரம்பித்தான்.

"அது தேரையே இல்லையாம் மெட்டில்டா. மரத்தவளையில ஒரு ஜாதி. புக்குலயே ஒரு படம்தான் இருக்காம், இந்தப் பக்கம் யாரும் பாத்ததில்லையாம். சார் கொண்டாரச் சொன்னாரு. அது யாரையும் ஒண்ணும் பண்ணாதாம். பாவம், வாயில்லா ஜீவன்."

ஆறுதல் சொல்கிறோம் என்று நினைத்தான், பாவி. கையில் பிள்ளையின் பால் பவுடர் டப்பா, மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள்.

அந்த டப்பா அவளுக்குத் தெரியாதா? பிறந்த மூன்றாம் மாதமே தாய்ப்பாலை நிறுத்தி, இந்தப் பவுடரைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லி, பிள்ளையை ரத்தினபாயிடம் விட்டுவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனவள் அவள். அதற்கப்புறம்தான் பேதி கண்டது. தண்ணீரைக் காய்ச்சினார்களா இல்லையா என்று இதுவரை யாரும் யாரையும் கேட்கவில்லை. தேரை இருந்ததால் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சவுரிமுத்து பாத்ரூம் கதவைத் திறந்தான். அவள் எழுந்து வந்து டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வுட்டுடுங்க. இங்கயே இருக்கட்டும்."

"ஏன்? அதான் ஒண்ணும் பண்ணலன்னு சார் சொன்னாரே."

"அது பண்ணலன்னா" என்றாள் மெட்டில்டா, "அப்புறம் நான்தானே பண்ணியிருக்கணும்."

சவுரிமுத்து பாத்ரூம் கதவைச் சாத்தினான்.